தாபரிப்பும் பராமரிப்பும்: ஊவாத் தோட்டத்து முதியோரும் சட்டமும்

தாபரிப்பு, பராமரிப்பு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றுபோலவே புழங்குகிறோம். சட்டத்தில் அவை ஒன்றல்ல. தாபரிப்பு என்பது காசு. கட்டளை போட்டு வாங்கித் தரக்கூடியது. பராமரிப்பு என்பது ஆள். படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றும் கை. முதலாவதற்கு இலங்கைச் சட்டத்தில் நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. இரண்டாவது இன்னும் வீட்டு விஷயமாகவே கிடக்கிறது.

1889இன் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவி, பிள்ளைகளைப் பற்றியது. நம்மவர் காதி நீதிமன்றத்துக்குத் தாபரிப்புக் கேட்டுப் போனதும் மனைவிக்கும் பிள்ளைக்குமாகத்தான். 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1999இன் 37ஆம் இலக்கச் சட்டம், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள இயலாத வலுவிழந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. 60 வயது கடந்த தாய் தகப்பன் பிள்ளையிடம் தாபரிப்புக் கேட்க ஒரு சபையை அமைத்தது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். 2011இல் அது திருத்தப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளையிடம் கொடுக்க இருந்தால்தானே கேட்க முடியும்?

பசறை, தெமோதரை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் கதை வேறு. 1872இலும் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தொழிலாளியின் நோயைக் கவனித்தன, முதுமையைக் கவனிக்கவில்லை. 1948இல் இந்நாட்டில் சமூக சேவைத் திணைக்களம் உருவானது. அதே ஆண்டில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசு முதியோருக்குக் கைநீட்டத் தொடங்கிய வேளையிலேயே இவர்கள் கணக்குக்கு வெளியே போய்விட்டார்கள்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். ஒரே லயத்தில் மகன் தலைமன்னாருக்கு ரயிலேற, தாய் இங்கேயே தங்கிய குடும்பங்கள் உண்டு. பார்த்துக்கொள்ள வேண்டிய கை கடல் தாண்டிப் போய்விட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையைத் தீர்த்தன. பிரிந்த குடும்பத்தைச் சேர்க்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் கைக்கு வருவது 1958இன் சட்டம் தந்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். மாதா மாதம் பென்சன் கிடையாது. 2023இல் தொடங்கிய அஸ்வெசுமவில் முதியோருக்கும் வலுவிழந்தோருக்கும் கொடுப்பனவு உண்டு. அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு? மாமியாருக்குச் சோறு ஊட்டிவிட்டு மலைக்குப் பிந்திப் போகும் மருமகளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான். அவள் மத்திய கிழக்குக்குப் போய்விட்டால் சுமை பேத்தியின் தலையில். "அப்பாயியப் பாக்க ஆளில்ல சேர்" என்பது என் வகுப்பில் வரவின்மைக்கு நான் அடிக்கடி கேட்கும் காரணம். அதைச் சொல்வது பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். தாய் கொழுந்துக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா வந்தது. கைக்குழந்தையைப் பார்ப்பதும் ஒரு வேலை, அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று தோட்டமே ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சி. அதே தாயின் தாய்க்கு மட்டும் ஏன் அப்படி ஓரிடம் இல்லை? இங்கிலாந்தில் 2014இன் பராமரிப்புச் சட்டம், வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவரின் தேவையையும் உள்ளூராட்சி மன்றம் தனியாக மதிப்பிட வேண்டும் என்கிறது. பார்த்துக்கொள்பவரும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்.

நமக்கும் வழி இல்லாமல் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி சமூக சேவை மாகாண சபைக்கும் உரியது. பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட இருந்த தடையையும் 2018இன் திருத்தச் சட்டம் நீக்கியது. இனி முதியோர் சட்டத்தைத் திருத்தும்போது பராமரிப்பவர் யார் என்று வரையறுத்து, அவருக்குக் கொடுப்பனவும் ஓய்வும் எழுதப்பட வேண்டும். தோட்டத்துக்கு ஒரு முதியோர் பகல் நிலையம் வேண்டும். பிள்ளைகளின் கடமையைச் சட்டம் சொல்லியாயிற்று. அந்தக் கடமையைச் செய்ய அவர்களுக்கு நேரமும் கூலியும் யார் தருவது என்பதைத்தான் அது இன்னும் சொல்லவில்லை.