காகித வம்சம் – 7: யூஸ்டன் கைவிரித்தது

சென்ற வாரம் வால்மர் கோட்டையில் வில்லியம் ஹென்றி ஸ்மித்தின் மரணப் படுக்கையோடு நிறுத்தினோம். 1891 அக்டோபரில் அவர் கண்மூடினார். அவருடைய பாட்டி அன்னா, கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்றபோதும், லண்டன் லிட்டில் குரோவ்னர் தெருவில் விடாமல் நடத்திய பத்திரிகைக் கடைதான் இந்தக் குடும்பத் தொழிலின் தொடக்கம். பேரன் காலத்தில் அது இங்கிலாந்து ரயில் பாதைகள் நெடுகப் படர்ந்துவிட்டது. பேரனோ கடற்படை அமைச்சராகவும் ஆனார். அத்தனையும் இப்போது 23 வயது மகன் ஃபிரெடரிக்கின் தலையில் இறங்கியது.

ஃபிரெடரிக்குக்கு அரசியலும் இருந்தது. அப்பாவின் ஸ்ட்ராண்ட் தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனார். கடையைக் கட்டி மேய்க்க நம்பகமான ஆள் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் கூடப் படித்த செயின்ட் ஜான் ஹார்ன்பியை அழைத்து வந்து பங்காளியாக்கினார். இந்த வம்சம் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். 1890 படகுப் பந்தயத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் துடுப்புப் போட்டு ஜெயித்தவர் ஹார்ன்பி. அச்சுக்கலைமேல் தீராத மோகம் வேறு. 1895-ல் ஆஷென்டீன் என்ற பெயரில் சொந்தமாக அச்சகம் வைத்து, எழுத்துக் கோத்து, கையாலேயே புத்தகம் அச்சிட்டவர். இப்படிப்பட்டவர் கணக்குப் பேரேட்டைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரே விஷயம்: நிலையங்களில் இருக்கும் கடைகள் ஸ்மித்துடையவை, அவை நிற்கும் இடம் ஸ்மித்துடையதல்ல.

ஹிக்கின்பாதம்ஸ் கடைகளை ரயில் நிலையங்களில் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த ஸ்டால்களைக் கற்பனை செய்வது கடினமில்லை. ஆனால் பார்ப்பதைவிட அங்கே நடந்த வேலை பெரிது. விடியுமுன் பத்திரிகைக் கட்டுகள் ரயிலிலிருந்து இறங்கும். பையன்கள் கட்டைப் பிரித்து, வீட்டுவாரியாக அடுக்கிக்கொண்டு, ஊருக்குள் ஓடுவார்கள். எந்த வீட்டுக்கு 'டைம்ஸ்', எந்த வீட்டுக்கு வார இதழ் என்று அவர்களுக்கு மனப்பாடம். அலமாரியில் மஞ்சள் அட்டையில் வண்ணப்படம் போட்ட மலிவு நாவல்கள். ரயில் பெட்டிகளில் சரியான வெளிச்சம் இல்லாத ஆரம்ப காலத்தில் படிப்பதற்கு மெழுகுவத்தி விற்றார்கள். குளிருக்குக் கம்பளி வாடகைக்குக் கொடுத்தார்கள். 1860-லிருந்து வாடகை நூலகம் வேறு. அதில், உரிய சந்தா கட்டியவர் ஒரு நிலையத்தில் நாவலை எடுத்து, படித்து முடித்ததும் வேறொரு நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு வசதி!

அதாவது வியாபாரம் நடைமேடையோடு முடிவதில்லை. ஊருக்குள் வீடு வீடாகப் போகும் பத்திரிகைக்கும் ஸ்டால்தான் வேர். ஸ்டால் போனால் அந்த வீடுகளும் போகும்.

வாடகை வீட்டுக் கொல்லையில் தென்னை வைத்த கதைதான். மரம் காய்க்கக் காய்க்க வீட்டுக்காரர் கண் மரத்தின்மேல் போனது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தாலே ரயில் கம்பெனிகள் வாடகையை ஏற்றிக் கேட்டன. ஹார்ன்பி சத்தமில்லாமல் ஊர்களுக்குள் சில கடைகள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1903-ல் பாரிஸ் கடைக்குப் பெயர்ப்பலகை எழுத எரிக் கில் என்ற இருபத்தோரு வயது இளைஞரைப் பிடித்தார். வாசலில் தொங்கும் எழுத்துகூட லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைத்த வியாபாரி அவர்.

1905 அக்டோபரில் இடி விழுந்தது.

லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன், கிரேட் வெஸ்டர்ன் என்ற இரண்டு பெரிய ரயில் கம்பெனிகளோடும் வாடகைப் பேச்சு முறிந்தது. ஆண்டு முடிவோடு ஒப்பந்தம் சரி. இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டால்கள் ஒரே வீச்சில் கைமாறும். அதில் நெஞ்சில் தைப்பது லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்னின் பெயர். 1848 நவம்பர் 1-ஆம் தேதி யூஸ்டன் நிலையத்தில் ஸ்மித் குடும்பம் தன் முதல் ஸ்டாலைத் திறந்தது இந்தக் கம்பெனியின் இடத்தில்தான். தடத்தில் விற்கும் உரிமைக்கு அன்றைக்கே ஆண்டுக்கு 1,500 பவுன் என்று பேசி நுழைந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்து பிழைத்த உறவு. தொடங்கி வைத்த யூஸ்டனே கைவிரித்தது.

கேட்ட வாடகையைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. கொடுத்திருந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கு இன்னும் கேட்பார்கள். மற்றக் கம்பெனிகளும் வரிசையில் நின்றிருக்கும். கொடுக்காததுதான் சரி.

ஆனால் ஸ்டால் ஆட்கள்? வருடக்கணக்கில் ஒரே நடைமேடையில் நின்றவர்கள், அவர்களை நம்பிய பையன்கள், ஓடிப் பழகிய தெருக்கள்? ஹார்ன்பி எடுத்த முடிவு கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். நிலையத்துக்கு வெளியே, பயணி வீட்டிலிருந்து ரயிலுக்கு நடந்து வரும் அதே சாலையில் கடை பிடிப்பது. ஒன்றிரண்டு ஊரில் அல்ல. பறிபோகும் தடங்கள் நெடுக. சுமார் 150 கடைகள்! கையில் இருந்தது ஏறக்குறைய பத்து வாரம்.

பத்து வாரத்தில் இடம் பார்த்து, வாடகை பேசி, தச்சர் வைத்து, அலமாரி அடித்து, பலகை எழுதி, காகிதமும் மையும் புத்தகமும் நிரப்ப வேண்டும். அதே நாட்களில் பழைய ஸ்டாலிலும் கடைசி நாள்வரை வியாபாரம் நிற்கக் கூடாது. காலியான ஸ்டால்களை எடுக்க வைமன் கம்பெனி தயாராகக் காத்திருந்தது.

1906 ஜனவரி 1, திங்கட்கிழமை. ஸ்மித்துக்கும் வைமனுக்கும் பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவது ஒரே ரயிலில். நடைமேடையில், ரயில் ஏறுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் வைமன். வெளியே சாலையில், பெயின்ட் வாசனைகூடப் போகாத கடைகளில் ஸ்மித். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வருகிறவர் சாலையில் நிற்பாரா, நேரே நடைமேடைக்குப் போய்விடுவாரா? வீட்டுக்காரர்கள் காலைப் பத்திரிகையை எந்தப் பையன் கையிலிருந்து வாங்கப் போகிறார்கள்?

(அடுத்த வாரம்)