அழைப்பிதழிலிருந்து அரசிதழுக்கு

1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரமும் இல்லை. சுயமரியாதைத் திருமணங்களில் இதையே முதலாவதாகச் சொல்வார்கள். புரோகித மறுப்புத் திருமணம், வாழ்க்கை ஒப்பந்த விழா என்ற பெயர்களும் அழைப்பிதழ்களில் ஏறின. அவ்வளவு காரம் வேண்டாம் என்று நினைத்த குடும்பங்களுக்குச் ‘சீர்திருத்தத் திருமணம்’ இருந்தது.

ஊர் ஏற்றதைச் சட்டம் ஏற்கவில்லை. 1934-இல் நடந்த அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாத்திரச் சடங்கும் நடக்கவில்லை, வழக்கம் என்று ஏற்கும் அளவுக்குப் பழமையும் இல்லை என்பது காரணம். மேடையில் மாலை மாற்றி, தலைவர்களின் வாழ்த்துரை கேட்டு இல்லறம் தொடங்கியவர்கள் சட்டத்தின் கணக்கில் தம்பதியர் அல்லர். பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டது.

1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தார். அதன் ஆங்கில வாசகத்தில் ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ என்ற இரு சொற்களும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். வரைவில் ‘மற்றும்’ என்றிருந்ததைப் பெரியார் சொல்லித்தான் ‘அல்லது’ ஆக்கினார்கள் என்று இயக்கத்தார் சொல்வதுண்டு. எப்படியானாலும், தாலி கட்டாயமில்லாமல் போனது அந்த ‘அல்லது’வால்தான். முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின.

இந்தப் பிரிவு யாரும் எதிர்பாராத இடத்திலும் கைகொடுத்தது. மனைவி இருக்க மறுமணம் செய்த ஒருவர், சப்தபதி என்னும் ஏழடிச் சடங்கு நடக்காததால் இரண்டாவது திருமணமே செல்லாது, ஆகவே இருதார மணக் குற்றமும் இல்லை என்று வாதிட்டார். 7-அ சப்தபதியைக் கேட்கவில்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. வழக்குத் தொடுத்தவர் முதல் மனைவி.

வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடப்பது சுயமரியாதைத் திருமணம் ஆகாது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. வீட்டார் எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவரும் காதலர்களை ஊரறிய அறிவிக்கச் சொன்னால் எங்கே போவார்கள்? 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. நண்பராகவோ உறவினராகவோ வழக்கறிஞரும் முன்னிலை வகிக்கலாம். பந்தல் போட்டு ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.