பனங்கூடலும் பங்குரிமையும்: நெடுந்தீவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து நிலவுடைமை வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் நெல்வயலையும் புகையிலைத் தோட்டத்தையுமே கருத்திற் கொண்டனர். வயலுக்குரிய வாரமும் தோட்டத்துக்குரிய குத்தகையும் ஓரளவு விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆயின் தீவுப் பகுதிகளில் குடிமக்களின் வாழ்வைத் தாங்கிநின்ற மரம் பனையாகும். அம்மரத்தின் பயனை ஒருவர் மற்றொருவருக்கு எவ்வாறு விட்டுக்கொடுத்தனர், எவ்வாறு பங்கிட்டனர் என்னும் வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. இக்கட்டுரை நெடுந்தீவை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய முற்படுகின்றது.

மரமும் நிலமும்

ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரொன்றின் பெயரால் டெல்ப்ட் என அழைத்த நெடுந்தீவு, ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தாழ்ந்த சுண்ணக்கல் தீவு. மேல்மண் ஆழமற்றது, கிணறுகள் பலவற்றில் நீர் உவர். நெல்லை நம்பி வாழ இயலாத இத்தகைய நிலத்தில், நீரூற்ற வேண்டாது தானே வளரும் பனை முதன்மை பெற்றது இயல்பே. குடாநாட்டில் வளவுகளைப் பனையோலை வேலி காத்தது. நெடுந்தீவிலோ பவளப் பாறைக் கற்களை அடுக்கிய மதில்கள் வளவுகளைப் பிரிக்கின்றன. எனவே காணியின் எல்லையில் இங்குக் குழப்பம் குறைவு. அவ்வெல்லைக்குள் நிற்கும் மரத்தின் பயன் யாருக்கு என்பதே சிக்கலான வினா.

வயல் ஒரு போகத்தில் ஒரு விளைவைத் தரும். பனையோ ஓராண்டுக்குள் பல விளைவுகளைத் தருவது. தை தொடங்கி ஆடி வரையான காலத்தில் பாளை சீவிக் கள்ளோ கருப்பநீரோ இறக்குவர்; கருப்பநீர் பனங்கட்டியாகும். ஆவணியை ஒட்டிப் பழம் விழும். அதன் களி பனாட்டாகும். பனங்கொட்டையை மாரி மழையோடு பாத்தியில் இட்டால் கிழங்கு கிடைக்கும். அதனைக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஓலை கூரைக்கும் கால்நடைத் தீனிக்கும் உதவும். முதிர்ந்த மரம் வளையும் தீராந்தியுமாகும். தாலவிலாசம் என்னும் நூல் பனையின் பயன்களை 801 என எண்ணியதாகக் கூறப்படுவது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆகவே பனங்கூடல் ஒன்றை ஒருவருக்கு விடுவது என்பது ஒரே உரிமையை விடுவதன்று. சீவும் உரிமையை ஒருவரும், பழம் பொறுக்கிப் பாத்தி போடும் உரிமையை மற்றொருவரும் பெற, ஓலையையும் மரத்தையும் காணிக்காரர் தமக்கென வைத்துக்கொள்ளலாம். இவ்வுரிமைகள் ஒன்றோடொன்று முட்டுவனவாகவும் உள்ளன. பெண்பனையின் பாளையைச் சீவினால் அப்பாளையிற் காய் இல்லை. ஓலையை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலியும். ஒருவர் பங்கு மற்றவர் பங்கைக் குறைக்கும் இத்தன்மையே மரப்பங்கீட்டை வயல் வாரத்திலிருந்து வேறுபடுத்துகின்றது.

தேசவழமை காட்டும் நெறி

ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸ் என்பாரின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707 காலத்தில் தேசவழமையைத் தொகுத்தார். தமிழாக்கம் பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

மரத்தைப் பற்றி இத்தொகுப்பு காட்டும் கருத்துத் தெளிவு வியத்தற்குரியது. பிறர் நிலத்தில் அவர் இசைவோடு தென்னை முதலிய பயன்மரங்களை நட்டவருக்கு அம்மரங்களின் பயனில் பங்குண்டு. அப்பங்கின் அளவைத் தீர்மானிப்பதில் கன்று யாருடையது, உழைப்பு யாருடையது என்பன கருதப்படும். நிலத்துக்கு உரியவரே நிலத்தில் நிற்பது அனைத்துக்கும் உரியவர் என்னும் உரோமன் ஒல்லாந்தச் சட்டக் கொள்கையிலிருந்து இது விலகியது. தென்னிலங்கைக் கரையோரத் தென்னந்தோட்டங்களில் வழங்கிய நட்டவர் பங்கும் இத்தன்மையதே. நிலமும் மரமும் இரு வேறு பொருள்கள் என்பதையும், உழைப்பு உரிமையை ஈட்டும் என்பதையும் வழமை ஏற்றுக்கொண்டது.

ஒற்றி என்னும் ஈட்டுமுறையிலும் இந்நுட்பத்தைக் காண்கின்றோம். கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனை அனுபவிப்பார். அக்காணியை மீட்கும் காலமோ பயிருக்கேற்ப வேறுபடும். விளைவு கைக்கு வருமுன் காணியை மீட்டு ஒற்றிக்காரரின் உழைப்பை வீணாக்கலாகாது என்பதே அதன் உட்பொருள்.

எனினும் இவ்வழமையைப் பொற்காலத்து நீதியெனப் போற்றுதல் பொருந்தாது. நட்டவரின் பங்கை அளந்த அதே தொகுப்பு, கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாக வகைப்படுத்தி அவர்தம் கடமைகளையும் வகுத்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் ஒழிக்கப்படும்வரை, பனையேறி உழைத்தோருட் பலர் பயனிற் பங்காளராக அன்றிப் பிறரது உடைமையாகவே கணிக்கப்பட்டனர். அதன் பின்னரும் காணியின்மை அவர்களைக் காணிக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்படுத்தியது. 1970களில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை இவ்வுறவில் நேர்ந்த முக்கியமான மாற்றமாகும்.

சட்டம் கண்ட வயலும் காணாத மரமும்

பிரித்தானியர் 1840இல் இயற்றிய 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், நிலத்தில் உரிமையை உண்டாக்கும் உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன் எழுதப்படல் வேண்டும் என விதித்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இவ்விதி பொருந்தும். வாய்ச்சொல்லால் நடந்த மரப்பங்கீடு இதனால் மறைந்துவிடவில்லை. நீதிமன்றத்தில் அதன் வலு குன்றியது. சுதந்திரத்தின் பின் 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் வாரக்குடிக்குப் பாதுகாப்பும் வாரத்துக்கு வரம்பும் அளித்தது. அப்பாதுகாப்பு நெற்காணிக்கு மட்டுமே உரியது. பனங்கூடலைக் காத்துப் பயன் பங்கிடுவோரை அது அணுகவில்லை. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் பனைப்பொருள் உற்பத்தியை வளர்க்கும் நோக்குடையது. மரத்தின் பயனுரிமையைத் தீர்ப்பது அதன் பணியன்று.

இக்குறை பெரிதெனத் தோன்றாத காலமும் ஒன்றிருந்தது. காணிக்காரரும் பங்காளரும் ஒரே ஊரில் வாழ்ந்தவரை வாய்ச்சொல்லே உறுதியாக நின்றது. பிணக்கு எழுந்தால் சாட்சி சொல்ல அயலார் இருந்தனர்.

ஆளில்லாக் கூடல்கள்

அந்நிலை இன்றில்லை. வன்னியின் குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்றோர் ஒருபுறம். போர் ஆண்டுகளில் குடாநாட்டுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தோர் மறுபுறம். முதுசமாகவும் சீதனமாகவும் பிரிந்து பிரிந்து வந்த காணியொன்றின் பங்காளர் இன்று பல நாடுகளிற் சிதறியிருத்தல் கூடும். எஞ்சியிருப்போர் பழம் பொறுக்குகின்றனர், ஓலை வெட்டுகின்றனர். ஆயினும் வடலியைக் காத்து வளர்க்கும் ஊக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? வடலி பாளை விடுவதற்கு ஒரு பதிற்றாண்டுக்கு மேல் ஆகும். அடுத்த ஆண்டு நிலைக்குமோ என்று அறியாத உரிமையை நம்பி எவரும் மரம் வளர்ப்பதில்லை.

காணிக்காரரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்தாண்டு எதிராட்சி உரிமையாக மாறலாம். 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் பயங்கரவாத நடவடிக்கைகளினால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. ஆயினும் 'கொடுத்தால் போய்விடும்' என்னும் அச்சம் நீங்கவில்லை. அவ்வச்சத்தால் எவருக்கும் எழுதிக் கொடாது கூடலைப் பற்றை மூட விடுகின்றனர்.

இவ்வச்சம் சட்டத்தின் இயல்பைத் தலைகீழாக விளங்கிக்கொண்டதன் விளைவாகும். உரியவரின் இசைவோடு நுழைந்தவரின் ஆட்சி எதிராட்சியாகாது. முறைப்படி எழுதப்பட்ட குத்தகை, குத்தகைக்காரரே காணிக்காரரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சான்றாகும். காணியை இழக்கச் செய்யக்கூடியது எழுத்தன்று, எழுத்தின்மையே. பங்காளருக்கும் அவ்வெழுத்தே காவல். சீவல், பழம், ஓலை, வடலி ஆகிய நான்கின் பயனும் பொறுப்பும் யாருக்கு என்பதை அது தனித்தனியே வரையறுத்தல் வேண்டும். காலமும் வடலி பயன் தரும் அளவுக்கு நீண்டிருத்தல் வேண்டும்.

நட்டு வளர்த்தவருக்கு மரத்திற் பங்குண்டு என்பதை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த சமூகம் நமது சமூகம். அந்நெறியை அதனோடு ஒட்டிநின்ற அடிமைமுறையின் மாசு நீக்கி, நெடுந்தீவில் இன்று மரங்களுக்கிடையே வாழ்வோர்க்கு உரித்தாக்குதல் நம் காலத்தின் கடன். நெற்காணிக்கு 1958இற் செய்ததைப் பனங்காணிக்கும் செய்யச் சட்டம் முன்வருமாயின் நன்று. அதுவரை காணிக்காரரும் பங்காளரும் தாமே எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை அப்பணியைத் தொடக்கிவைக்கும்.