ஐலன்பர்க் நகரத்துப் போதகரும் ஒரு பந்தி ஜெபமும்

உபத்திரவ காலத்தில் நம்பிக்கை என்னும் பொருளைப் பற்றிப் பிரசங்கிப்போர் பலரும் எடுத்தாளும் வரலாறு ஒன்று உண்டு. முப்பதாண்டுப் போரின் நடுவே, கொள்ளைநோயால் பாழான ஒரு நகரத்தில், நாள்தோறும் ஐம்பது பேர் வரை அடக்கம் செய்துவந்த ஜெர்மானியப் போதகர் ஒருவர், தம் மனைவியையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அந்நாட்களிலேயே உலகப் புகழ்பெற்ற நன்றிப் பாட்டு ஒன்றை இயற்றினார் என்பதே அது. இக்கட்டுரையாளனும் அறுப்பின் பண்டிகைகளிலும் துக்க வீடுகளிலும் பல்லாண்டுகளாக அதனை அவ்வாறே சொல்லிவந்தவன்தான்.

வகுப்பில் ஒருநாள் அவ்வரலாற்றைச் சொல்லி முடித்தபோது, அவ்வாண்டில் தந்தையை இழந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, என் தகப்பனாரை அடக்கம் பண்ணிய வாரத்தில் என்னால் ஜெபிக்கவே இயலவில்லை. அப்படியானால் என் விசுவாசம் மெய்யானதன்றா?" என்று கேட்டார். அப்பொழுது தக்க விடை கூற எனக்குத் தெரியவில்லை. அதன் பின்னரே அப்போதகரின் வரலாற்றை ஆண்டுகளோடு வைத்து ஆராயத் தலைப்பட்டேன்.

மார்ட்டின் ரிங்கார்ட் 1586-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் சாக்சனி நாட்டு ஐலன்பர்க் நகரில், மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். லைப்சிக்கிலுள்ள புனித தோமா பள்ளியில் பாடகர் குழுவிலிருந்து கற்று, அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். சிலகாலம் பிற ஊர்களில் ஊழியஞ்செய்தபின் 1617-இல் சொந்த ஊருக்கே குருவாக வந்தார். மறு ஆண்டு, 1618-இல், போர் மூண்டது. அது 1648 வரை ஓயவில்லை. ரிங்கார்ட்டின் ஐலன்பர்க் ஊழியம் ஏறத்தாழ முழுவதுமே போர்க்கால ஊழியம் எனலாம்.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த நகரம். ஆகவே சுற்றுப்புறத்துக் கிராமத்தார் திரள்திரளாக அதனுள் அடைக்கலம் புகுந்தனர். இடமின்மையும் பசியும் நோயை வரவழைத்தன. 1637-இல் கொள்ளைநோய் உச்சத்தை எட்டியது. தலைமைக் குரு ஊரைவிட்டு அகன்றார். உடன் ஊழியர் இருவர் இறந்தனர். அவ்விருவரையும் அடக்கம் செய்தவரும் ரிங்கார்ட்டே. தனித்து நின்ற அவர் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்தினார். அவர் நடத்திய அடக்கங்கள் மொத்தம் 4,480 என்பது மரபாகக் கூறப்படும் தொகை. பின்னர் அதுவும் இயலாமற்போய், ஆராதனையின்றியே பிணங்களை நீண்ட குழிகளில் இட்டு மூடினர். அவ்வாண்டு மே 8-ஆம் நாள் அவர் மனைவி இறந்தார். நோயைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காக்கைக்குமாக முப்பது நாற்பது பேர் தெருவில் அடித்துக்கொண்டனர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனிப் பாட்டுக்கு வருவோம். அது ரிங்கார்ட் வெளியிட்ட சிறுநூல் ஒன்றில் இடம்பெற்றது. அந்நூலின் முதற்பதிப்பு 1636-இல் வெளிவந்தது என்பர். அப்பதிப்பின் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை. கிடைக்கும் 1663-ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பாட்டின் தலைப்பு என்ன தெரியுமா? "சிறிய பந்தி ஜெபம்" என்னும் பொருள்படும் சொல்லே! சாப்பாட்டுக்குப் பின் வீட்டார் கூடிச் சொல்வதற்கான நன்றி அது. முதலிரு அடிகள், அதாவது இரு செய்யுட்கள், சீராக் ஆகமத்தின் ஐம்பதாம் அதிகாரத்துச் சொற்களைத் தழுவியவை. மூன்றாவது திரியேகருக்குத் துதி. 1636 என்னும் ஆண்டு சரியாயின், கொள்ளைநோயின் உச்சத்துக்கும் மனைவியின் மரணத்துக்கும் முன்பே பாட்டு இருந்தது. 1648-இல் சமாதான உடன்படிக்கைக்காகவே அது இயற்றப்பட்டது என்னும் மற்றொரு செவிவழிச் செய்தியும் நில்லாது. யோகான் குரூகர் 1647-லேயே அதை இராகத்துடன் தம் பாமாலை நூலில் அச்சிட்டுவிட்டார்.

இதனால் அவ்வரலாறு சிறுமைப்பட்டதா? என் எண்ணத்தில், மெய்யாகவே பயன்படத்தக்கதாயிற்று. பழைய கதையில் ரிங்கார்ட் நம்மால் எட்ட இயலாத வீரர். கல்லறையிலிருந்து திரும்பிய கையோடு துதிப்பாட்டு எழுதும் மனிதரைத் துக்கப்படுகிறவன் முன்பாக நிறுத்துவது அவனுக்கு ஆறுதலன்று, பாரம். ஆண்டுகளின்படி நாம் காணும் ரிங்கார்ட்டோ, போரினூடே கிடைத்த உணவுக்காகப் பிள்ளைகளுடன் பந்தியில் சொல்ல ஒரு ஜெபத்தை அமைத்தவர்; துன்பம் முற்றிய நாளில் புதிய சொற்களைத் தேட வேண்டிய நிலையில் அவர் இல்லை. அச்சொற்களை 1637-இன் இரவுகளில் அவர் எவ்வாறு சொன்னார், சொன்னாரா என்பதற்குச் சான்றில்லை. நாமாக அதை நிரப்பலாகாது.

பவுல் அப்போஸ்தலர் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்று அடுக்கிச் சொல்வதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். உபத்திரவமே நம்பிக்கையைப் பிறப்பிக்கிறது என்பதுபோல அதை விளக்கவும் துணிகிறோம். ஆனால் அவ்வடுக்குத் தொடங்குமுன், இரண்டாம் வசனத்திலேயே நம்பிக்கை வந்துவிடுகிறது. முன்னரே பெற்ற நம்பிக்கை உபத்திரவத்துக்குள் நுழைந்து, புடமிடப்பட்டு, மீண்டும் நம்பிக்கையாகவே வெளிவருகிறது. "பரீட்சை" என்று நம் வேதாகமம் தரும் சொல் உலோகத்தைச் சோதித்துத் தேர்ந்த தன்மையைக் குறிப்பதே. எரேமியாவின் புலம்பலிலும் இதனை ஒருவாறு காணலாம். எருசலேம் எரிந்துகிடக்கையில் பாடப்பட்ட அந்நூலின் மூன்றாம் அதிகாரம் எபிரெய அகரவரிசையில், எழுத்துக்கு மும்மூன்று வசனமாக அமைந்திருக்கிறது. பாலபருவத்தில் கற்ற நெடுங்கணக்கைப் பற்றிக்கொண்டே அப்புலவர் நடுவழியில் நம்பிக்கையின் சொல்லுக்கு வந்துசேருகிறார்.

கிராமச் சபையொன்றில் நான் ஊழியஞ்செய்த காலத்தில், கணவனை அடக்கம் செய்த மாலையில் ஓர் அம்மாளின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அயலார் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். எதையும் பேசாதிருந்த அந்த அம்மாள் பிள்ளைகளைக் கைகூப்பச் செய்து, நாள்தோறும் சொல்லும் ஜெபத்தை வழக்கம்போலவே சொல்லி முடித்தார். உணர்ச்சியற்ற சடங்கு என்று அன்று எண்ணினேன். வாய்ப்பாடமான ஜெபங்களைக் குறைகூறிப் பிரசங்கித்தவன் நான். அவற்றுள் சில பிரசங்கங்களைத் திரும்பப் பெற இயலுமாயின் பெற்றுக்கொள்வேன்.

1639 பெப்ருவரியில் சுவீடன் படையினர் ஐலன்பர்க்கிடம் 30,000 தாலர் பணம் கேட்டனர். ரிங்கார்ட் சென்று மன்றாடியும் படைத்தலைவர் இணங்கவில்லை. அவர் திரும்பிவந்து, சபையாரைக் கூட்டி, முழங்காற்படியிட்டு ஜெபித்துப் பாடினார். முடிவில் தொகை 2,000 புளோரினாகக் குறைந்தது. அன்று அவர்கள் பாடியது அவருடைய நன்றிப் பாட்டன்று. நெருக்கத்தின் மிகுதியில் துணை வேண்டும் பவுல் ஏபரின் பழைய பாட்டு. அந்த வேளைக்கும் முன்னமே கற்ற பாட்டு ஒன்று அவர்கள் கைவசம் இருந்தது.

நகரத்து அதிகாரிகள் அவருக்கு நன்றி பாராட்டினாரில்லை. அவர் வீட்டில் சிப்பாய்கள் தங்கவைக்கப்பட்டனர். இருந்த சொற்பத் தானியமும் பலமுறை கொள்ளைபோயிற்று. சமாதானம் வந்தபோது அவர் காலத்துக்கு முன்பே மூப்படைந்திருந்தார். 1649 டிசம்பர் 8-ஆம் நாள் இறந்தார். மறுநாள் முதல் அவ்வூர்ப் பந்திகளில் என்ன ஜெபம் சொல்லப்பட்டது என்பதற்கு ஏடு எதுவும் இல்லை. 1663-ஆம் ஆண்டுப் பதிப்பு மட்டும் இருக்கிறது.