நீதிமொழி: கடார வட்டாரத்தில் அதன் வரலாறு

மனித இயல்பு, நட்பு, இன்பம், ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் சுருக்கென்று தைக்கும்படியும் சொல்லப்படுவது நீதிமொழி. பழங்காலத்தில் கடாரம் எனப்பட்ட, மலேசியாவின் கெடா மாநிலத்தில், மெர்போக் ஆற்றையும் ஜெராய் மலையையும் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு அது முதலில் கல்லெழுத்தாக வந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் தோட்டத் தொழிலாளர்களின் நாவில் மறுபடி வந்தது.

இந்த வட்டாரத்தின் புக்கிட் மெரியமில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கற்பலகை ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவ எழுத்தின் சாயலில் அமைந்த சமஸ்கிருத வாசகம் அதில் உள்ளது. அறியாமை வினையைச் சேர்க்கும், அறிவு பிறவியை அறுக்கும் என்பது அதன் கருத்து. லோ 1834இல் அருகிலுள்ள வெல்லஸ்லி மாகாணத்தில் (இன்றைய செபராங் பிறை) கண்ட புத்தகுப்தன் கல்லிலும் இதே வாசகம் இருக்கிறது. புத்தகுப்தன் ஒரு மாலுமி. கடல் கடந்து பிழைத்தவர்கள் தங்கள் நம்பிக்கையை இரண்டே வரியில் அடக்கிக் கல்லில் பொறித்து வைத்தார்கள்.

தமிழர்க்கும் இந்தக் கரை அன்றே பழக்கம். சங்க நூலான பட்டினப்பாலை குறிக்கும் காழகத்தைக் கடாரம் என்றே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். 1025இல் சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் படையெடுப்பும் இங்கே நடந்தது. மெர்போக்கின் அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளமும் அந்தத் தொடர்பை இன்றும் காட்டுகின்றன.

புக்கிட் மெரியம் கல்லில் உள்ள வாசகம் உபதேசம் செய்கிறது. தமிழ் நீதிமொழியின் தனிச்சிறப்போ நகைப்பில் இருக்கிறது. திருக்குறளின் 108ஆம் அதிகாரமான கயமையைப் படிப்பவருக்கு இது உடனே புரியும். கயவர் உருவத்தில் மனிதரைப் போலவே இருக்கிறார்களே என்று வள்ளுவர் வியக்கிறார். நல்லது தெரிந்தவரைவிட அவர்கள் பாக்கியசாலிகளாம், ஏனென்றால் நெஞ்சில் கவலையே இல்லை. தேவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடும் இல்லையாம், இருவருமே நினைத்ததைச் செய்பவர்கள். இந்தக் குறள்களில் நேரடி வசை இல்லை. பாராட்டுவதுபோல் பாராட்டியே ஆளைச் சாய்த்துவிடுகிறார். நட்புக்கு அவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். அவற்றில் இரண்டு தீய நட்பையும் பொய் நட்பையும் பற்றியவை. நட்பைப் போற்றியவரே அதை இவ்வளவு சோதித்தும் பார்த்திருக்கிறார். அதனால்தான் அவர் போற்றுவதை நம்ப முடிகிறது.

1812இல் குறள் அச்சேறியது. மிஷனரியாக வந்த பீட்டர் பெர்சிவலின் 1874ஆம் ஆண்டுத் தொகுப்பில் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகள் அடங்கின. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. அவர்கள் கொண்டுவந்தது நினைவில் நின்ற பழமொழியைத்தான். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்கும்போதும், லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் உட்கார்ந்து பேசும்போதும் அது புழங்கியது. ரப்பர் பால் குறைந்த நாளில் மரத்தையும் கத்தியையும் குறை சொல்பவருக்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற ஒரு வரி போதும். சண்டை மூளாது, ஆனால் சொல்ல வேண்டியது சொல்லியாகிவிடும். அடுத்தடுத்த கதவில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. மலாய்க்காரர்களிடமும் இதே பழமொழி உண்டு: ஆடத் தெரியாதவர் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பாராம். எந்த மொழி எதனிடம் பெற்றது என்ற ஆராய்ச்சியைவிட, இருவரும் ஒரே மனிதனைக் கண்டு சிரித்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒழுக்கம் இங்கே பேச்சோடு நிற்கவுமில்லை. பெற்ற தாய்க்கே குடித்தவன் முகம் பிடிக்காது என்று கள்ளுண்ணாமை அதிகாரம் சொல்லும் துன்பம், தோட்டத்துக் கள்ளுக்கடையால் குடும்பங்கள் நாள்தோறும் பட்ட துன்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்ற லாரி ஓட்டுநரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. மதுவிலக்கையும் கட்டொழுங்கையும் அது வற்புறுத்தியது. 1947இல் அந்த வட்டாரத்தில் நடந்த கள்ளுக்கடை மறியல் போலீசாருடன் மோதலாக முற்றியது. மலேசியத் தமிழர் வரலாற்றில் அந்தப் படைக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

குறள் மலாய்க்கும் போனது. ரம்லி பின் தாக்கிரின் மொழிபெயர்ப்பு 1964இல் வெளிவந்தது. இன்று தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் செய்யுள், மொழியணி என்ற பகுதியில் திருக்குறள், ஆத்திசூடி, கொன்றை வேந்தன், பழமொழி, மரபுத்தொடர் எல்லாம் இடம்பெறுகின்றன. அதே பிள்ளைகள் மலாய் வகுப்பில் அம்மொழியின் பழமொழிகளையும் படிக்கிறார்கள். கூடம் கோணலையும் மேடுபள்ளத் தரையையும் சேர்த்து வைத்து ஓர் ஆசிரியர் பாடம் நடத்தினால், அந்த வகுப்பில் விளக்கவுரைக்கு அதிக வேலை இருக்காது.