மெழுகு மங்கிய பெட்டகங்கள்

எமது முன்னோரின் வரலாற்றைத் தேடுவோர் பள்ளிவாசல் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் புரட்டுகின்றனர். அறை மூலையில் கிடக்கும் பெட்டகத்தைத் திறந்து பார்ப்போர் குறைவு. அதுவும் ஓர் ஆவணம்தான் என்பதே நான் இங்கு சொல்ல வருவது.

நாம் நாளாந்தம் புழங்கும் சொற்களே இதற்கு முதற்சாட்சி. கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. லாச்சியும் கந்தோரும் ஒல்லாந்துச் சொற்கள். 1640இல் காலியும் 1656இல் கொழும்பும் ஒல்லாந்தர் வசமாயின. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றி ஆர். எல். புரோகியர் தனி நூலே எழுதியுள்ளார். முதிரை, கருங்காலி, நெடுன், பலா ஆகியன அன்று புழங்கிய மரங்கள். சிங்களத்தில் களுமெதிரிய எனப்படும் மரமோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அருகிப்போனதை எமர்சன் டெனன்ட் பதிவுசெய்துள்ளார். அந்த மரத்தில் செய்த பெட்டியொன்று பழுதானால் அதற்கு ஈடு கிடையாது.

பழைய பொருட்கள் பலவற்றுக்கு மினுக்கம் தந்தது தேன்மெழுகு. பிறகு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பொலிஷ் பரவியது. இப்போது எல்லாமே ஸ்ப்ரே வார்னிஷ். "மங்கிப் போச்சு, தேய்ச்சு அடிச்சுத் தாறன்" என்று பாஸ் சொன்னதும் நாமும் தலையாட்டிவிடுகிறோம். மங்கியது மரமல்ல, மெழுகு என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். எமது வெக்கையில் அது உருகாவிட்டாலும் இளகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தூசிக்கு மேலேயே மீண்டும் மீண்டும் மெழுகு பூசினால் படலம் தடித்துக் கறுக்கும். ஈரக்காற்றுப் பட்டால் வெண்மை பூக்கும். தேங்காயெண்ணெய் தடவுவது உம்மும்மாமார் காலத்து வழக்கம். இரண்டு நாள் மினுங்கும், பிறகு இன்னும் தூசி சேரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண்ணில் படாத ஓரிடத்தில் டர்பன்டைன் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மஞ்சளும் கபிலமுமாக அழுக்குக் கழன்று வந்தால் அது மெழுகு. டர்பன்டைனுக்கு அசையாமல் ஸ்பிரிட்டுக்கு இளகி ஒட்டினால் அரக்கு. அதில் கைவைக்க வேண்டாம். மெழுகென்றால் மரத்தின் ரேகை வழியே, கையகல இடமாகத் தேய்த்து, உடனே சுத்தத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, புதிய மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்துப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால் பழைய மினுக்கம் வரும். மெழுகையும் டர்பன்டைனையும் வீட்டில் கலப்பதானால் அடுப்பை அணைத்துவிட்டுச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே இளக்க வேண்டும். நெருப்புப் பட்டால் டர்பன்டைன் பற்றிக்கொள்ளும். தண்ணீரும் அரத்தாளும் கிட்டவும் வரக்கூடாது.

அரத்தாளை நான் இவ்வளவு வெறுப்பதற்குக் காரணம் உண்டு. பெட்டகமொன்றின் மூடியின் உட்புறத்தில், பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரித் திகதிகளைப் பென்சிலால் அரபுத்தமிழில் எழுதியிருந்ததைக் கண்டிருக்கிறேன். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத திகதிகள் அவை. அரத்தாள் ஐந்து நிமிடத்தில் அவற்றைத் துடைத்துவிடும். ஓடாவியின் உளித்தடமும் பல தலைமுறைக் கைகள் பட்டுத் தேய்ந்த விளிம்பும் அதோடு போய்விடும்.

எம்மிடம் மிஞ்சியிருப்பதோ கொஞ்சம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் பெட்டகங்களைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் கிழக்குக் கரையோர வீடுகளில் இருந்ததை அள்ளிச் சென்றது. தப்பியவற்றையும் பழம்பொருள் வாங்க வருவோரிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே, மினுக்க முன்னர் லாச்சிகளைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் உட்புறத்தையும் அடிப்பலகையையும் படமெடுங்கள். யாருடைய சீதனம், எந்த ஊர் ஓடாவி, என்ன மரம் என்று தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மெழுகை எப்போதும் பூசலாம். அந்தப் பெரியவர்களை எப்போதும் கேட்க முடியாது.