மச்சைக்கும் பத்துப் பொருத்தம்

1958ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் யூகோஸ்லாவியாவின் வின்சா என்னுமிடத்து அணு உலையில் ஒரு விபத்து நேர்ந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான அறுவர் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆங்கே ஜார்ஜ் மத்தே என்னும் மருத்துவர், அவருள் ஐவருக்குப் பிறர் எலும்பினின்று எடுத்த மச்சையைச் செலுத்தினார். தந்தவர்கள் முன்பின் அறியாத பிரெஞ்சு மக்கள். பெற்ற ஐவருள் நால்வர் பிழைத்தனர். அதே ஆண்டில் அதே நகரில் ழான் தோசே என்னும் அறிஞர், வெள்ளணுக்களின் மீது ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளங்கள் இருத்தலைக் கண்டார். எச்.எல்.ஏ. எனப்படும் இவை ஒத்திருந்தால்தான் ஒருவர் மச்சை மற்றொருவர் உடலில் எளிதில் வேர்கொள்ளும். இக்கண்டுபிடிப்புக்காக 1980இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

மொழிபெயர்ப்பை நாளும் செய்துவரும் நமக்கு மச்சை என்னும் சொல் வியப்பளிப்பது. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளில் இதற்கு ‘மூளை’ என்றே பெயர்! மச்சையைக் கொடுத்தால் முதுகுத்தண்டு பழுதாகும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். மச்சையை எடுப்பது முதுகுத்தண்டிலிருந்து அன்று, இடுப்பெலும்பிலிருந்து. இக்காலத்தில் பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை. சில நாட்கள் ஊசி போட்டபின், கை நரம்பு வழியே இரத்தத்தை எடுத்து, வேண்டிய குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதைத் திரும்பச் செலுத்திவிடுகின்றனர். கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

இந்தியாவில் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கிற்று. அந்நாளில் கொடையாளரை உடன்பிறந்தாரிடையேதான் தேடினர். உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் அது பெரிய வாய்ப்பு. ஒற்றைப் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை. அந்நாளில் அத்தகையோருக்கு அயலாரைத்தான் தேட வேண்டியிருந்தது. மகன் அந்தோணிக்காக ஷர்லி நோலன் என்னும் தாய் 1974இல் லண்டனில் கொடையாளர் பதிவகம் ஒன்றைத் தொடங்கினார். மகன் 1979இல் இறந்தான். பதிவகம் நிலைத்தது. நம் தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 1990களில் இத்தகைய ஏடு ஒன்று உருவாயிற்று. சென்னையில் 2009இல் ‘தாத்ரி’ தோன்றிற்று.

அயலார் என்றாலும் எவரும் பொருந்திவிடுவதில்லை. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, மருத்துவரும் இங்குப் பத்து அடையாளங்களையே ஒப்பிடுகின்றனர். தாய்வழி ஐந்து, தந்தைவழி ஐந்து. இவை மரபுவழி வருவன. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளும் தத்தம் சமூகத்துக்குள்ளும் மணந்து வந்த நம்மவருள் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், அவருக்குப் பொருந்துபவர் ஐரோப்பிய ஏடுகளில் கிடைப்பது அரிது. அவர் மதுரையில் இருக்கலாம். கரோல்பாகிலோ மாதுங்காவிலோ, அடுத்த மாடியிலோ இருக்கலாம்.

பதினெட்டு வயது நிறைந்த, பதிவகத்தின் வயது வரம்பைக் கடக்காத, உடல்நலமுள்ளோர் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் போதும். அழைப்பு ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம் போன்றோர், ரேஷன் அட்டையை மாற்றும்போதே பதிவகத்திற்கும் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று: மாற்றுச் சிகிச்சைக்கு முன் நோயாளியின் சொந்த மச்சையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவர். அதன்பின் கொடையாளர் பின்வாங்கினால் அவருக்கு மீட்சி அரிது. ஆதலின் வீட்டாரிடம் பேசவேண்டியதைப் பதியும் முன்னரே பேசிவிடுவது நலம்.